ஸ்ரீநிவாச சாஸ்திரியார், வ. ச. (1869–1946)

இந்திய மிதவாத அரசியலின் பெருந்தலைவர்களுள் ஒருவர். இம்பீரியல் சட்டசபையிலும் ராஜாங்க சபையிலும் சென்னை மாகாணத்தின் குரலாக ஒலித்தவர். கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தை நடத்தியவர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதி. தமிழ் ஏடுகள் அவரை ‘மகாகனம் சாஸ்திரியார்’ என்றே எழுதின. ஆங்கிலேயரே வியந்த அவரது ஆங்கிலம் ‘வெள்ளி நாவினர்’ என்ற பெயரைத் தந்தது. அந்தப் பெயர் நிலைத்த அளவுக்கு, அந்த நாவால் அவர் என்ன பேசினார், எதற்காகப் பேசினார் என்பது அவர் பிறந்த மண்ணிலேயே நினைவில் இல்லை.

1869 செப்டம்பர் 22 அன்று வலங்கைமானில் பிறந்தார். அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இன்று திருவாரூர் மாவட்டத்தில் அடங்கும். பாடைகட்டி மாரியம்மன் கோயிலால் டெல்டா முழுவதும் அறிந்த ஊர். தந்தை சங்கரநாராயண சாஸ்திரி வடமொழி கற்ற வைதிகர், வீட்டில் வறுமை. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பும் அரசுக் கல்லூரியில் பட்டப் படிப்பும் முடித்தார். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்தபின், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். பங்குத்தொகை சேர்த்து நியாய விலைக்கு அரிசி பருப்பு விற்ற அந்தச் சங்கமே இந்தியாவின் தொடக்க கால நுகர்வோர் கூட்டுறவுகளில் பெயர்பெற்றது.

கோபால கிருஷ்ண கோகலே 1905இல் புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907இல் சேர்ந்தார். குடும்பம் நடத்தப் போதுமான ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, சொற்பப் படியில் வாழ்நாள் முழுதும் பொதுப்பணி என்று உறுதி எடுத்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1915 பிப்ரவரியில் கோகலே மறைந்ததும் தலைமை அவரிடம் வந்தது. அதே ஆண்டில் காந்தி அச்சங்கத்தில் சேர விரும்பினார். அவருடைய வழி வேறு என்று உறுப்பினர் பலர் தயங்கவே, காந்தியே விலகிக்கொண்டார். பத்து நாள் மூத்தவரான சாஸ்திரியாரைக் கடைசிவரை அண்ணன் என்றே காந்தி கொண்டாடினார். அரசியலில் இருவரும் எதிரெதிரே நின்ற ஆண்டுகளிலும் அந்த உறவு முறியவில்லை.

1913இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். இந்துப் பெண்கள் பருவமெய்திய பின் நடக்கும் திருமணத்துக்கும் சட்ட ஏற்பு வேண்டும் என்று அங்கே அவர் கொண்டுவந்த மசோதா, வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் செய்யத் துணியாத காரியம். அது சட்டமாகவில்லை. 1916இல் இம்பீரியல் சட்டசபைக்குத் தேர்வானார்.

அங்கே அவர் வாழ்வின் உச்சம் 1919 பிப்ரவரி 7. ஜூரி இல்லாத விசாரணை, மேல்முறையீடு இல்லாத தண்டனை, சந்தேகத்தின் பேரில் காவல் ஆகியவற்றை அனுமதித்த ரௌலட் மசோதாக்கள் சபைக்கு வந்தன. வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு தலைமையில், அரசு உறுப்பினர்களே பெரும்பான்மையாக இருந்த சபை அது. வாக்கெடுப்பின் முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த நிலையிலும் சாஸ்திரியார் எழுந்து, அடக்குமுறைச் சட்டம் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால் குற்றமற்றவருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை அரசின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். கெட்ட சட்டம் எப்போதும் கெட்டவர்கள்மீது மட்டுமே பாய்வதில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். தடுப்புக் காவல் சட்டங்களை விவாதிக்கும் எந்தச் சபைக்கும் இன்றும் பொருந்தும் வாதம் அது. பார்வையாளராக வந்திருந்த காந்தி, வைஸ்ராயும் கட்டுண்டு கேட்டதாகத் தோன்றியதையும், ஆனால் அரசு முன்பே முடிவு செய்துவிட்டதையும் தம் சுயசரிதையில் பதிந்துள்ளார். இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பை மீறி மார்ச்சில் சட்டம் நிறைவேறியது.

காந்தி சத்தியாக்கிரகம் அறிவித்தார். சாஸ்திரியார் அதில் சேரவில்லை. அதை எதிர்த்து மற்ற மிதவாதிகளோடு அறிக்கையில் கையொப்பமிட்டார். சட்டத்தை எதிர்த்து அவ்வளவு பேசியவர் சட்டத்தை மீற மறுத்ததை நாடு மன்னிக்கவில்லை. கோழை என்றும் அரசின் ஆள் என்றும் ஏசினார்கள். ஏசியவர்கள் பலர் அடுத்து நடந்ததைக் கவனிக்கவில்லை. 1920இல் புதிய ராஜாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1921 பிப்ரவரியில் அடக்குமுறைச் சட்டங்களை ஆராயக் குழு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரையை ஏற்று 1922இல் ரௌலட் சட்டம் நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் மக்கள் சிந்திய ரத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்த ரத்தத்தின் நியாயத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்ற உள்ளே ஒருவர் தேவைப்பட்டார் என்பதும் உண்மை.

மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தை ஏற்பதா தள்ளுவதா என்ற கேள்வியில் மிதவாதிகள் 1918இல் காங்கிரஸைவிட்டு விலகி லிபரல் சம்மேளனம் கண்டனர். சாஸ்திரியார் அதன் முன்னணியில் இருந்தார். 1922இல் நாகபுரி மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1921இல் லண்டன் இம்பீரியல் மாநாடு, ஜெனீவா சர்வதேச சங்கம், வாஷிங்டன் கடற்படை மாநாடு என மூன்று உலக அவைகளில் இந்தியாவுக்காக அமர்ந்தார். அவ்வாண்டே பிரிவி கவுன்சில் உறுப்பினரானதால்தான் ‘மகாகனம்’ பட்டம் வந்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று அங்குள்ள இந்தியருக்கு வாக்குரிமை கேட்டார்.

பேரரசுக்குள் வெள்ளையனும் இந்தியனும் சமம் என்ற வாக்குறுதியை அவர் மெய்யாகவே நம்பினார். 1923இல் கென்யா அந்த நம்பிக்கையை உடைத்தது. அங்குள்ள மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே என்று லண்டன் முடிவு செய்தபோது அவர் மனம் கொதித்து, பேரரசுப் பொருட்காட்சியை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்றார். அவர் அரசியலில் இதுவே மிகக் கூர்மையான திருப்பம். பேரரசின்மேல் வைத்த நம்பிக்கை அவருடைய பெரும் பிழை என்றே சொல்ல வேண்டும். அந்தப் பிழையின் விலையை அவர் மனத்தாலேயே கொடுத்தார்.

1927இல் இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகளுக்கிடையே கேப்டவுன் உடன்பாடு ஏற்பட்டதும், காந்தி வற்புறுத்த, தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகச் சென்றார். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் தமிழரே கணிசம். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டாதிருந்தது. சாஸ்திரியார் அங்குள்ள இந்தியரிடமே பணம் திரட்டி டர்பனில் ஒரு கல்லூரி எழுப்பினார். 1929இல் திறந்த அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். ஆசிரியர் பயிற்சியும் அங்கு நடந்தது. 1928இல் கிளெர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் கும்பல் புகுந்து கலைத்தது. அவர் ஊர் ஊராகப் பேசுவதை நிறுத்தவில்லை.

பின்னர் தொழிலாளர் நிலை பற்றிய விட்லி ஆணையத்திலும் வட்டமேஜை மாநாடுகளிலும் பங்கேற்றார். 1931 காந்தி–இர்வின் உடன்பாட்டுக்குச் சாப்ரு, ஜெயகருடன் சேர்ந்து இரு பக்கமும் நடந்து பேசியவர் அவர். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

அப்பதவியில் இருந்தபோதே, 1936 இறுதியில், மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அவரை அனுப்பியது. டெல்டாவுக்கு மலாயா அன்னிய நாடல்ல. வலங்கைமானைப் போலவே திருவாரூர் மாவட்டத்தில் உள்ள கூத்தாநல்லூரின் சபராளிகள் (கடல் கடந்து சென்று வருவோர்) வணிகத்துக்குப் போன அதே கடல்வழியில், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, நிலமற்ற கூலிகள் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். கங்காணி ஆள்சேர்ப்பை ஒழிக்கவும், குறைத்த கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழையபடி தரவும் அவர் பரிந்துரைத்தார். ஆனால் ஆள் அனுப்புவதை நிறுத்தக் காரணம் இல்லை என்றும் எழுதினார். தோட்ட முதலாளிகளுக்கு இடம் கொடுத்துவிட்டார் என்று மலாயா இந்தியத் தலைவர்கள் குறைகூறினர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ரப்பர் விலை விழுந்ததும் 1938இல் கூலி மறுபடி வெட்டப்பட, இந்திய அரசே உதவியோடு கூடிய குடியேற்றத்தைத் தடைசெய்தது.

தமிழ் உலகில் அவருக்கு எதிர்ப்பு எழுந்தது 1940இல். சென்னை அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்குத் தலைவரான அவர் வடமொழிச் சார்பில் நின்றார், தமிழறிஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். இன்று பள்ளிப் பாடநூல்களில் நிற்பது அந்த அறிஞர்களின் தமிழே.

காந்தியின் சுயசரிதை ஆங்கிலப் பெயர்ப்பை, தம் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு திருத்திக் கொடுத்தவரும் அவரே. 1944இல் மயிலாப்பூரில் ராமாயணத்தைப் பற்றி 30 சொற்பொழிவுகள் ஆற்றினார். பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்தார். 1946 ஜனவரியில் காந்தி சென்னை வந்து நோய்ப்படுக்கையில் இருந்த அவரைப் பார்த்தார். ஏப்ரல் 17 அன்று காலமானார்.

அவரது உரைகளும் கடிதங்களும் ஆங்கிலத்தில் நூல்களாக உள்ளன. வலங்கைமானிலும் கூத்தாநல்லூரிலும் படிக்கும் பிள்ளைகள் கையில், 1919 பிப்ரவரி 7 உரை ஒன்றையாவது நல்ல தமிழில் கொடுக்க வேண்டும்.