மண்பானை முத்திரை
வாங்கும் பொருளால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேர்கிறது என்பதை நுகர்வோருக்கு உணர்த்தும் அரசு முத்திரை, மேற்கு ஜெர்மனியில் 1978-இல் ‘நீலத் தேவதை’ என்ற பெயரில் பிறந்தது. இந்தியா 1991-இல் ‘ஈகோமார்க்’ திட்டத்தை அறிவித்தது. அதன் சின்னம் மண்பானை. மண்ணில் உருவாகி, உடைந்தபின்னும் நச்சுக் கழிவை விட்டுச் செல்லாதது பானை. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் இதைவிடப் பொருத்தமான சின்னம் அமைவது அரிது.

சோப்பு, காகிதம், பெயின்ட், பேட்டரி முதலியவற்றுக்கு அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. மூலப்பொருள் எடுப்பதிலிருந்து கழிவாவது வரை பொருளின் முழு வாழ்வும் கணக்கில் கொள்ளப்பட்டது. சான்றளிக்கும் பொறுப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் இருந்தது. ஆனால் விண்ணப்பிப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் மிகச் சிலவே முன்வந்தன. கடைகளில் கண்ணில் படாத முத்திரையை மக்கள் கேட்டு வாங்கவும் வழியில்லை. அருமையான சின்னம் முடங்கிக் கிடந்தது பெரிய இழப்பே. 2024-இல் புதிய ஈகோமார்க் விதிகள் பழைய திட்டத்துக்கு மாற்றாக வந்தன.