சேரிநத்தமும் ஞானஸ்நானமும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்கள் தொழிற்பேட்டைகளும் படைத்துறைத் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த புறநகர்களாக இன்று அறியப்பட்டாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த, ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் விளையும் பகுதிகளாகவே இருந்தன. அவ்வயல்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பறையர்கள், நிலமோ மிராசுதார்களுடையது. மிராசு என்பது ஓர் ஊரின் நிலத்தின்மேல் சில குடும்பங்களுக்குப் பரம்பரையாக இருந்துவந்த பங்குரிமை. பெரிதும் வேளாளர், பிராமணர் குடும்பங்களிடம் இருந்த அவ்வுரிமை விளைநிலத்தோடு நிற்காமல் தரிசையும் குடியிருப்பு நத்தத்தையும் தழுவி நின்றதால், சேரியில் ஒருவர் தம் கையால் மண் குழைத்து எழுப்பிய குடிசைக்கும் அடிமனை மிராசுதாருடையதாகவே கருதப்பட்டது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமையாக உரிமை கோரும் வழக்குகளை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் அடிமை வணிகத்தைக் குற்றமாக்கியது. எனினும், படி அளந்து தரப்படும் தானியத்தையே கூலியாகக் கொண்ட படியாள், திருமணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனைத் தீர்க்க வழியின்றித் தானும் தன் மகனும் அதே பண்ணையில் உழைக்கும்படி கட்டுண்டு கிடந்தான். வேறிடம் போனால் குடிசை பறிபோகும். தரிசு நிலம் கேட்டு அரசுக்குத் தரகாஸ்து, அதாவது விண்ணப்பம், கொடுத்தாலோ மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விதி இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் இந்த வாழ்க்கையை மேலும் நொறுக்கியது.

இச்சூழலில்தான் சேரிகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்தை நாடினர். ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் பணியாற்றினர். அவர்கள் படியாட்களின் நிலையை எழுதியும் பேசியும் அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ட்ரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர்களைப் பற்றி அளித்த அறிக்கை, நிலமின்மையையும் மனை உரிமையின்மையையும் கல்வியின்மையையும் வெளிப்படையாக அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வெளியான வருவாய்த்துறை ஆணையிலிருந்தே, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கான, பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட நில ஒதுக்கீடு தொடங்குகிறது.

சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று இம்மக்களை இகழ்ந்து பேசும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது, இன்றும் ஓயவில்லை. அது நியாயமற்ற பழி. ஞானஸ்நானம் பெற்றவருக்குச் சோற்றுக்கு முன்பாக வந்து சேர்ந்தவை வேலை மறுப்பும் குடிசையைப் பிரிக்கும் மிரட்டலும் வழக்குகளுமே. பள்ளிக்கூடம் கட்டச் சேரிக்குள் ஒரு துண்டு மனை வாங்குவதுகூட மிஷனுக்குப் பெரும் போராட்டமாக இருந்தது என்னும்போது, மனையே இல்லாத படியாள் எதை எதிர்த்து நின்றான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வயிற்றுப் பசியையும் மானத்தையும் தனித்தனியே பிரித்து, ஒன்று உலகியல், மற்றொன்று ஆன்மிகம் என்று வகுப்பது வயிறு நிறைந்தவர்களுக்கே இயலும்.

அவர்கள் தழுவிய கிறிஸ்தவ நம்பிக்கை சேரியில் எடுத்த வடிவம் மிக எளியது. வாரநாட்களில் பள்ளியாகவும் ஞாயிற்றுக்கிழமையில் வழிபாட்டிடமாகவும் பயன்பட்ட கூரைக் கொட்டகை ஒன்று. அதில் எழுத்தும் ஜெபமும் ஒருசேரக் கற்பித்த, பெரும்பாலும் அதே சமூகத்திலிருந்து வந்த உபதேசியார் ஒருவர். குப்பன், மண்ணாங்கட்டி என்று ஊரார் அழைத்துவந்த ஒருவர் ஞானஸ்நானப் பதிவேட்டில் யாக்கோபு என்றோ தேவசகாயம் என்றோ எழுதப்பட்டார். ஊர்க் கிணற்றை அணுகினால் தீட்டு என்று விரட்டப்பட்டவர், இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் சடங்காகிய திருவிருந்தில் ஐயர் (சீர்திருத்தச் சபைகளில் குருவை அழைக்கும் பெயர்) பருகிய அதே கிண்ணத்தில் வாய் வைத்துப் பருகினார். தலைமுறைகளாகத் தம்மை அசுத்தம் என்று கேட்டுப் பழகிய மனத்துக்கு அந்த ஒரு மிடறு என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த அரசு அறிக்கையும் பதிவு செய்யவில்லை. ஆயினும் அச்சேரிகளின் விடுதலை வரலாற்றில் அதற்கு நில ஆணைக்கு நிகரான இடம் உண்டு.

திருச்சபைக்குள் சாதி நுழையவில்லை என்று சொல்வதற்கில்லை. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேறுபாட்டை விலக்கும்படி கட்டளையிட்டதும், சென்னை மிஷனரி மாநாடு 1850இல் சாதிக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியதும், அந்நோய் சபைக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்குச் சான்றுகள். ஒடுக்கப்பட்டோர் அனைவரும் கிறிஸ்தவ வழியைத் தேர்ந்ததும் இல்லை. அயோத்திதாசர் 1898இல் பௌத்தத்தைத் தழுவினார். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறாமலே பறையர் மகாஜன சபையின் வழியாகப் போராடினார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்ற எம்.சி. ராஜாவைப் போன்றோர், மிஷன் கல்வியைப் பெற்றும் தம் மதத்திலேயே நின்று சட்டமன்றம் வரை சென்று வாதாடினர்.

நாட்டு விடுதலைக்குப் பின் வந்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியப் பிரிவினர் நீங்கலாக இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956இல் சீக்கியர் அனைவரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றனர். ஒரே சேரியில், ஒரே பாட்டனின் வழிவந்த இரு குடும்பங்கள், ஒன்று கோயிலுக்கும் மற்றொன்று சபைக்கும் போவதாலேயே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் முன் வேறு வேறாக நிற்கின்றன. படியாளின் பேரனை நோக்கி அரசு கேட்க வேண்டிய கேள்வி அவன் பாட்டன் எந்த மனையில் குடியிருந்தான் என்பதே அன்றி, அவன் எந்தக் கடவுளை வணங்குகிறான் என்பது அன்று. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் அதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்பியது.