ஏட்டிலிருந்து களரிக்கு: இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர்களின் ஆய்வு மரபு

ஒரு பேராசிரியரின் பணியை அவர் எழுதிய நூல்களைக் கொண்டே மதிப்பிடுவது நம் வழக்கம். இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையை அப்படி மதிப்பிட்டால் பாதிதான் தெரியும். எதையெல்லாம் தமிழாய்வுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்ற எல்லையை அங்கே ஒவ்வொரு தலைமுறையும் விரித்துக்கொண்டே போனது. அந்த விரிவு பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியிலேயே நிகழ்ந்தது.

தொடக்கம் விபுலானந்த அடிகள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. அறிவியல் பட்டதாரியான அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையைக் கணக்கின் துணையோடு படித்து, வழக்கொழிந்த யாழின் இசைமுறையைத் தேடினார். 1947 ஜூனில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார்.

அடுத்துப் பொறுப்பேற்ற க. கணபதிப்பிள்ளை, கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனில் முனைவரானவர். கல்வெட்டை ஆராய்ந்தவர் ஊர்ப்பேச்சையும் ஒதுக்கவில்லை. யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் அவர் எழுதிய நாடகங்கள் 1940இல் ‘நானாடகம்’ என்று நூலாயின. செந்தமிழே மேடைமொழி என்றிருந்த காலத்தில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் செய்த துணிவு அது.

இந்த மரபின் பெரிய திருப்பம் சு. வித்தியானந்தனுடையது. பத்துப்பாட்டை ஆராய்ந்து முனைவரான அவர், பின்னர் மட்டக்களப்பு, மன்னார் கூத்துகளின் பக்கம் திரும்பினார். 1956இல் சிங்கள நாட்டார் அரங்கை அடியொற்றிச் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர உருவாக்கிய ‘மனமே’ நாடகத்தின் வெற்றி, பல்கலைக்கழகம் இருந்த பேராதனையில் அவர் கண்முன் இருந்தது. ஊர்க்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட வடமோடிக் கூத்தைச் சுருக்கி, கூத்துப் பயிற்றும் அண்ணாவியாரின் துணையோடு மாணவர்களைப் பழக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ நாடகத்தை மேடையேற்றினார்; பின்னர் ‘இராவணேசன்’ வந்தது. ‘அலங்காரரூபன்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ போன்ற கூத்து ஏடுகளையும் பதிப்பித்தார். பாமரர் ஆட்டம் என்று படித்தவர்கள் புறந்தள்ளிய கலை பல்கலைக்கழகத்தின் ஆய்வுப்பொருளானது. பெயர்பெற்ற ஆய்வேடுகள் பலவற்றைவிட இந்தப் பணி பெரிது என்பேன். ஆய்வாளர் தாம் ஆராயும் சமூகத்திடமே மாணவராக அமர்ந்த முறை இது.

‘தினகரன்’ ஆசிரியராக இருந்துவிட்டுப் பேராதனைக்கு வந்த க. கைலாசபதி, பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவரது நூல், சங்கப் பாடல்களைக் கிரேக்க, அயர்லாந்து வீரநிலைப் பாடல்களோடு ஒப்பிட்டு, அவை பாணர் மரபில் வாய்மொழியாகப் பிறந்தவை என்று வாதிட்டது. முழுமையாக ஏற்க இயலாத வாதம்தான். சங்கச் செய்யுளின் செறிவை வாய்மொழி மரபு மட்டுமே விளக்கிவிடாது. ஆனாலும் பாடலைப் பாடியவனோடும் கேட்டவனோடும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்ற அவரது வற்புறுத்தல் நிலைத்துவிட்டது. அதே தாம்சனிடம் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்தார். கூத்தரும் பொருநரும் சமூக வரலாற்றின் மனிதர்களாக அங்கே எழுந்து வருகிறார்கள்.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது கைலாசபதி அதன் முதல் தலைவரானார். பின்னர் அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் அதன் துணைவேந்தரானார். மரபு இடம் மாறியது, அறுபடவில்லை. பேராதனை மாணவராகக் கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை அளித்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில்தான்.