ஆறு ஆசிரியர் பள்ளி: சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர், மாணவர் பட்டறிவு

தமிழகச் சிற்றூர்களில் இயங்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பல ஒருகாலத்தில் நடுநிலைப் பள்ளிகளாக இருந்தவை. எட்டாம் வகுப்போடு நின்ற பள்ளியைத் தரம் உயர்த்தக் கேட்டு ஊரார் மனுக் கொடுத்தார்கள், இடம் காட்டினார்கள், பங்குத்தொகை திரட்டி அரசுக் கணக்கில் கட்டினார்கள். அந்தத் தொகை நெடுங்காலம் 1 லட்சம் ரூபாய். கூலிக் குடும்பங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுச் சேர்த்த ஊர்கள் உண்டு. தரம் உயர்ந்ததும் ஒரு தலைமையாசிரியரும், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய பாடங்களுக்கு ஆளுக்கொருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்களும் வந்து சேர்வார்கள். ஐந்து வகுப்புகள், நூறு அல்லது நூற்றைம்பது பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். இந்த அளவுள்ள பள்ளியில் பிள்ளைகளும் பெற்றோரும் அடையும் பட்டறிவைப் பற்றியது இக்கட்டுரை. பள்ளி சிறிதாக இருப்பது கல்விக்கு நன்மையே செய்கிறது; அதன் குறைகள் என்று பேசப்படுபவற்றில் பெரும்பகுதி, தலையை எண்ணி வளத்தைப் பங்கிடும் நிர்வாக விதிகள் உண்டாக்கியவை என்பது என் வாதம்.

பள்ளியின் அளவு பற்றிய விவாதம் பழையது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி 1959இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் கோனன்ட், ஆண்டுக்கு 100 பேராவது படிப்பை முடித்து வெளியேறாத பள்ளியால் நிறைவான பாடத்திட்டத்தை நடத்த இயலாது என்றார். ஐந்தாண்டு கழித்து, கான்சஸ் மாநிலத்தில் 35 மாணவர் கொண்ட பள்ளி முதல் 2,287 மாணவர் கொண்ட பள்ளி வரை ஆராய்ந்த ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் வேறொன்றைக் கண்டார்கள். பெரிய பள்ளியில் நடவடிக்கைகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு தனி மாணவர் முன்னின்று ஏற்கும் பொறுப்புகள் சிறிய பள்ளியில்தான் அதிகம். ஆள் போதாத இடத்தில் எல்லாரும் தேவைப்படுகிறார்கள். இந்தியாவில் கோத்தாரி ஆணையம் (1964–66) அருகருகே உள்ள பள்ளிகளைத் தொகுப்பாக்கி வளங்களைப் பகிரப் பரிந்துரைத்தது. அதை மீட்டெடுத்த 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, 2016–17 கணக்குப்படி அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் 30க்கும் குறைவான பிள்ளைகளே இருப்பதைச் சுட்டி, சிறிய பள்ளி பொருளாதார நோக்கில் உகந்ததன்று என்ற முடிவுக்கு வந்தது. இந்தப் பேச்சு தொடக்கப் பள்ளியைச் சுற்றியே நடக்கிறது. பத்தாம் வகுப்போடு முடியும் சிற்றூர்ப் பள்ளியை யாரும் நின்று பார்ப்பதில்லை.

பார்க்கரும் கம்ப்பும் கண்டதை நம்மூர்ப் பள்ளியில் நாள்தோறும் காணலாம். காலை வழிபாட்டில் குறள் சொல்ல ஒருவர், செய்தி வாசிக்க ஒருவர், உறுதிமொழிக்கு ஒருவர் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பதினெட்டுப் பேர்தான் என்றால் முறை சீக்கிரமே சுற்றி வந்துவிடும். கூச்சப்பட்டுப் பின்னால் நிற்கும் பெண்ணும் ஒரு மாதத்துக்குள் ஒலிபெருக்கிக்கு முன் வந்தாக வேண்டும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குக் கபடி அணி அனுப்ப ஏழு பேர் களம் இறங்க வேண்டும். வகுப்பில் இருப்பதே பத்துப் பையன்கள். கலைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு என்றால் கணக்கில் பின்தங்கியவன்தான் குடம் வாசிப்பான். மதிப்பெண்ணால் தன்னை அளந்து பழகிய பிள்ளைக்குத் தான் வேறொன்றில் இன்றியமையாதவன் என்று தெரிய இங்கே வாய்ப்பிருக்கிறது. ஆயிரம் பேர் படிக்கும் நகரப் பள்ளியில் இந்த வேலைகளெல்லாம் முப்பது நாற்பது பேருக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஆசிரியர் பிள்ளையை அறிந்திருப்பதும் இந்த அளவின் பயன். இரண்டு நாள் வராவிட்டால் அம்மா திருப்பூருக்குப் போயிருக்கிறாளா, தம்பிக்குக் காய்ச்சலா, கரும்பு வெட்டுக்குக் குடும்பமே கிளம்பிவிட்டதா என்று ஆசிரியருக்குத் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையே சொல்லிவிடும். இடைநிற்றலைத் தடுக்க வருகைப் பதிவைக் கைபேசிச் செயலியில் ஏற்றுவதைவிட இந்த அறிதல் பயனுள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இதே நெருக்கம் பிள்ளையைச் சிறைப்படுத்தவும் கூடும். அதை மறைத்துவிட்டுச் சிறிய பள்ளியைப் புகழ்வது நேர்மையாகாது. ஐந்து ஆண்டும் கணக்குக்கு ஒரே ஆசிரியர். ஆறாம் வகுப்பில் அவர் ஒரு பையனை ‘இவன் தேறமாட்டான்’ என்று எண்ணிவிட்டால், பத்தாம் வகுப்பு வரை அந்த எண்ணத்தை மாற்ற வேறொருவர் வரமாட்டார். பிள்ளை எந்தத் தெரு, என்ன சாதி, அப்பா குடிப்பாரா, அக்கா யாரோடு போனாள் என்பதெல்லாம் வகுப்பறைக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும். காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்வது பள்ளி தரும் பெரும் வாய்ப்பு. அது மாலை மணி அடித்ததும் முடிந்துபோகிறது, சில ஊர்களில் தொடங்குவதே இல்லை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், ஒரு பகுதியின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தலாகாது என்றது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடம் மாற்றவும் பரிந்துரைத்தது. ஆறு பேர் உள்ள பள்ளியில் இந்தப் பரிந்துரைக்குள்ள பொருளே தனி. அங்கே ஒருவரின் மனச்சாய்வு பள்ளியின் மனச்சாய்வாகிவிடும். நெருக்கத்தின் நன்மையைக் காக்க வேண்டுமென்றால், இந்தப் பரிந்துரையைச் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்துதான் நடைமுறைப்படுத்தத் தொடங்க வேண்டும்.

இனி விதிகளுக்கு வருவோம். பாடத்துக்கு ஒருவர் என்றால், ஒருவர் மாறுதலில் போனதும் ஒரு பாடமே போய்விடுகிறது. பெரிய பள்ளியில் நான்கு கணித ஆசிரியரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் சென்றால் மற்ற மூவரும் பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். சிற்றூரில் அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. புள்ளிவிவரத்தில் இரண்டும் ‘ஒரு காலிப் பணியிடம்’தான். பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் திரட்டி ஊரில் பி.எட். முடித்த ஒருவரை அமர்த்துவது பழைய வழக்கம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசே வழிசெய்தது. குறைந்த ஊதியத்துக்கு ஆள் கிடைக்கும் ஊருக்கு அது உதவும். பேருந்து நாளுக்கு மூன்று முறை வரும் ஊருக்கு யார் வருவார்?

பணிநிரவல் இதைவிடக் கூர்மையானது. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் என்று கணக்கிட்டு வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். ஆசிரியர் போனதும் பெற்றோர் பிள்ளையை மாற்றுகிறார்கள். எண்ணிக்கை மேலும் சரிகிறது. பிறகு, ‘மக்கள் இந்தப் பள்ளியை விரும்பவில்லை’ என்று கோப்பில் எழுதப்படுகிறது. எண்ணிக்கை போதாத பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் கிடைப்பதில்லை. ஓவியம், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 2012இல் அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஒருவர் வாய்த்த பள்ளிகள் பேறு பெற்றவை. ஆங்கிலவழிப் பிரிவு வந்தபோது அதற்கென்று தனி ஆசிரியர் வரவில்லை. தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே அறையில் அமர, அறிவியல் ஆசிரியர் ஒரே பாடத்தை இரு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். ஆங்கிலவழி என்று நம்பிப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இந்தப் பள்ளியின் மேல் சுமத்தும் பாரத்தையும் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 95 விழுக்காடு. மூவர் தவறினால் 85. இருநூறு பேர் எழுதும் பள்ளியில் மூவர் தவறினாலோ 98.5. முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் சிறிய பள்ளியின் தலைமையாசிரியர்தான். அதன் விளைவை அனுபவிப்பவர் மாணவர். பொங்கல் கழிந்ததும் காலை மாலை சிறப்பு வகுப்பு; ‘மெல்லக் கற்போர்’ பட்டியல்; 35 மதிப்பெண்ணுக்குப் போதுமான வினாவிடை மட்டும் அடங்கிய மினிமம் மெட்டீரியல். அந்தப் பட்டியலில் பெயருள்ள பிள்ளை, பாடநூலின் முக்கால் பங்கைத் திறக்காமலே பத்தாம் வகுப்பை முடிக்கிறது. ஒரு பிள்ளையை அருகிலிருந்து அறியக்கூடிய ஒரே பள்ளியை, ஒரு பிள்ளை தவறுவதை அஞ்சும் பள்ளியாக்கிவிட்டது இந்த அளவுகோல்.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் காகிதத்தின் வழியே நடக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி. இவற்றில் பெற்றோர் தாமாக முன்வந்து அக்கறை காட்டுவது பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலுக்குத்தான். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றில் பிழை விழுந்தால் பிள்ளையின் வாழ்நாள் முழுக்கத் தொடரும் என்று எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அறிந்திருக்கிறாள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லப்படும் சொல்லை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். அக்கறை எங்கே பலன் தரும் என்று அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது; 2022இல் உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. எனவே ஐந்தாம் வகுப்பு முடியும்போதே வீட்டில் பேச்சு நடக்கிறது. வேன் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்புவதா, ஊர்ப் பள்ளியில் சேர்த்து ஒதுக்கீட்டை நம்புவதா?

காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. மதிய உணவு 1984இலேயே உயர்நிலை வகுப்புகளுக்கும் விரிந்தது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பில் பள்ளியில் உப்புமா தின்ற பிள்ளை, ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு வழிபாட்டில் நிற்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தாய்மாருக்கு இவ்வளவு இடம் தந்த சட்டம் நம்மிடம் வேறு அதிகமில்லை. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். அப்போது அவர்கள் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். வந்தாலும் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றித்தான் பேச்சு. கணக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டால், பதில் சொல்லும் அதிகாரம் அந்த அறையில் யாருக்கும் இல்லை. நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த காமராசர் ஆட்சிக்காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் பணமும் நாற்காலியும் கொடுத்தார்கள். அன்று தொட்டு ஊரிடம் நாம் கேட்பது பொருளைத்தான். ஆசிரியர் நியமனத்திலும் மாறுதலிலும் ஊருக்குக் கருத்துச் சொல்லும் உரிமையைத் தந்ததில்லை. ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியில், மாற்று ஆள் வந்து சேரும்வரை அவரை விடுவிக்கலாகாது என்று தீர்மானம் போடும் உரிமையாவது குழுவுக்கு வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழோடு வெளியேற வேண்டும். அடுத்த மேல்நிலைப் பள்ளி ஏழு அல்லது பத்து கிலோமீட்டரில் இருக்கும். முதல் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா என்பது பல நேரம் பேருந்து நேரத்தையும் தோழி சேரும் இடத்தையும் பொறுத்தே முடிவாகிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகே, பதினொன்றாம் வகுப்பில், அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டிக்குப் பணம் தந்தது. அத்திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேர்ந்த பெண்கள் 32 விழுக்காடு கூடினர்; ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் இந்தப் பயன் மிகுதி. தமிழகத்தில் மிதிவண்டியை ஒன்பதாம் வகுப்புக்கு முன்நகர்த்தினால், பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து நடந்து வரும் பெண்ணுக்கு அது இரண்டு ஆண்டு முன்பே கைக்கு வரும். பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி, எந்தக் குரூப் என்று வீட்டில் பேச்செடுக்கும்போது, தொலைவைக் காரணம் காட்டி அவளை நிறுத்துவதும் அவ்வளவு எளிதாக இருக்காது.