கக்கூஸ் பேணியும் சாரத்துண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. விஷயமும் கொஞ்சம் கூச்சமானது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து வாசியுங்கள்.

விடுமுறையில் லண்டனிலிருந்து மாமியின் மகள் பிள்ளைகளோடு வந்து சோனகத் தெருவில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய பையிலிருந்து ஒரே அளவில் வெட்டித் தைத்த துணித்துண்டுகள் ஒரு கட்டாக வந்தன. பிள்ளைகளுக்கு லேஞ்சி என்று நினைத்தோம். இல்லை. அவர்கள் வீட்டில் டொய்லட் பேப்பரை விட்டுவிட்டார்களாம். தண்ணீரால் கழுவிவிட்டுத் துணியால் ஈரம் ஒற்றி, அந்தத் துணியைத் துவைத்து மறுபடி பாவிக்கிறார்களாம். உம்மா சிரித்துவிட்டார்.

"இதைப் படிக்கவா மகள் லண்டனுக்குப் போனாய்?"

அவரும் சிரித்தார். பிறகு எங்கள் குளியலறை யன்னலைக் காட்டினார். அங்கே ஒரு டிஷ்யூ சுருள் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னும் பிரிக்காத ஒரு பக்கெட்.

தண்ணீரால் சுத்தம் செய்வதை மார்க்கமாகப் படித்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சுருள் எப்போது வந்தது என்று யோசித்தபோது பதில் வரவில்லை. அந்த யோசனைதான் இந்தப் பதிவாகியிருக்கிறது.

சொல்லிலிருந்து தொடங்குவோம். 'கக்கூஸ்' என்று நாங்கள் சொல்வது டச்சுக்காரன் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் 'காக்ஹவுஸ்'. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1795 வரை ஆண்டவர்கள், 'கந்தோர்' என்ற சொல்லோடு இதையும் தந்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் இங்கே அதற்கென்று ஓர் அறை பெரும்பாலான வீடுகளில் இல்லை. பனங்காணி இருந்தது, வடலி இருந்தது, கையில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. ஆண்களுக்கு எந்த நேரமும் சரி. பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் மட்டும். இதை 'இயற்கையோடு வாழ்ந்த காலம்' என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்த இரண்டாவது விஷயத்தை எழுதுவதில்லை.

கடதாசியால் துடைப்பது சீனாவில் தொடங்கிய பழக்கம். கி.பி. 851 இல் எழுதப்பட்ட ஓர் அரபு நூல் உண்டு. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலில் போய்வந்த வணிகர்கள் கண்டது கேட்டதன் தொகுப்பு. எங்கள் ஸரந்தீபும் அதில் வருகிறது. சீனர்கள் தண்ணீரால் கழுவுவதில்லை, கடதாசியால் துடைத்துக்கொள்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சீனாவிலேயே, அதற்கு முந்திய 6 ஆம் நூற்றாண்டில், யான் சுதுய் என்ற அறிஞர், பழைய நூல்களின் வாசகங்களும் அறிஞர் பெயர்களும் உள்ள தாளை அந்த வேலைக்குப் பாவிக்கத் தனக்குத் துணிவில்லை என்று எழுதிவைத்தார். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அவரை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

இன்று கடையில் வாங்கும் பொருளின் வயது இதில் பாதிகூட இல்லை. 1857 இல் அமெரிக்காவில் ஜோசப் கயெட்டி என்பவர் தாள்தாளாகக் கட்டி மருந்துக்கடைச் சாமான் போல விற்றார். சுருளாக வந்து பரவலானது 1890 அளவில்தான்.

எங்கள் ஊருக்குத் திரும்புவோம். சோனகத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் முட்டி நிற்பவை. இங்கே வடலி ஏது? நகரத்துக்கு வந்தது வாளிக் கக்கூஸ். வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். விடியற்காலை அதைத் திறந்து, வாளியை எடுத்து, வண்டியில் கொட்டிக்கொண்டு போவார்கள். அந்த வேலைக்கென்றே வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1949 இல் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆன பிறகும் அந்த வேலை அந்தக் குடும்பங்களோடுதான் ஒட்டிக்கிடந்தது. உம்மும்மா அந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'அவன்' என்றுதான் சொல்வார். பெயர் தெரியுமா என்று ஒருமுறை கேட்டோம். தெரியாது. அத்தனை வருடம் வீட்டுக்கு வந்துபோனவர்.

துணியின் கதையும் இதே மாதிரித்தான். மறுபடி பாவிக்கும் துணி புதிய கண்டுபிடிப்பு இல்லை. குழந்தைக்குப் பழஞ்சீலை, பெண்களுக்கு மாதத் துணி, நோயாளிக்குக் கிழிந்த வேட்டி என்று எல்லாம் இருந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழ் வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானால் கட்டாடியார் வீட்டுப் பெண் 'மாற்று' கொண்டுவருவார். தீட்டுத் துணியை எடுத்துப் போய் வெளுத்த துணியைக் கொடுப்பதுதான் மாற்று. கலியாணத்துக்கும் மையத்து வீட்டுக்கும் வெள்ளை கட்டுவதும் அவர்கள்தான். அவர்கள் வீட்டில் வெள்ளாவி வைப்பார்கள். உவர்மண் கரைசலில் ஊறிய துணியைப் பானைமேல் அடுக்கி நீராவியில் அவித்து, பிறகு கல்லில் அடித்து, வெயிலில் விரிப்பார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளுக்கு அவர்கள் துவைக்கக் கூடாது என்று விதி. அந்த மக்களுக்குத் துவைக்கத் துரும்பர் என்று இன்னொரு பிரிவை வைத்து, அவர்களைப் பகலில் கண்ணில் படவும் விடவில்லை. எங்களுக்குள் சாதி இல்லை என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் தெருவுக்கும் அழுக்குத் துணி எடுக்க ஆள் வந்தது, வாளி எடுக்கவும் ஆள் வந்தது. மறுபாவனை என்றால் யாரோ ஒருவர் கை அழுக்காகியே தீரும். அது யார் கை என்பதுதான் இந்த வரலாற்றில் நாங்கள் தேடவேண்டியது.

1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்ன நாள். வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். அதை இங்கே விரித்து எழுதப்போவதில்லை, வாசிப்பவர்களில் பாதிப்பேர் அதை நடந்தே கடந்தவர்கள். ஒரு விஷயம் மட்டும். உம்மாவின் கையில் அன்று எட்டு மாதக் குழந்தை. உடுத்த சேலையும் ஒரு மாற்றுச் சேலையும்தான் அவரிடம். வவுனியா போய்ச்சேருமுன்னே அந்த மாற்றுச் சேலையில் பாதியைக் கிழித்துவிட்டார். குழந்தைக்குக் கட்ட, துடைக்க, மறுபடி கட்ட. புத்தளம் போன பிறகு, கல்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டிலில், மிச்சப் பாதியும் துண்டுதுண்டானது. மாரி மழை. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தாராம். புகை மணக்கும் துணியில் வளர்ந்த அந்தக் குழந்தைதான் இன்று இதை எழுதுகிறது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் துவைத்ததை எங்களோடு படிப்பிக்கும் மூத்த ஆசிரியை ஒருவர் சொல்வார். பனம்பழத்தைப் பிசைந்து, நுரை வரத் தேய்த்து, அலசுவது. உடுப்பில் மணம் போகாது, மாடு பின்னால் வரும் என்று சொல்லிச் சிரிப்பார். இரண்டு பக்கமும் துணியோடும் தண்ணீரோடும்தான் அந்தக் காலத்தைத் தாண்டியிருக்கிறோம். டிஷ்யூ என்ற சொல் ஒருவர் வாயிலும் இருக்கவில்லை.

பிறகு எப்போது வந்தது? 2009க்குப் பிறகு திரும்பி வந்து, கூரையில்லாத சுவர்களை இடித்துக் கட்டியபோதுதான் என்று நினைக்கிறோம். பழைய வீட்டில் கக்கூஸ் முற்றத்துக்கு அப்பால் இருந்தது. புதிய வீட்டில் அறைக்குள்ளேயே, மாபிள் பதித்து, குந்தும் பீங்கானுக்குப் பதில் கொமட். பேணியின் இடத்தில் கைக்குழாய். ஈரம் பட்டால் நிலம் வழுக்குகிறது, உடுப்பு நனைகிறது. வெளிநாட்டு உறவினர் வந்து தங்கும்போது ஒரு சுருள் வாங்கி வைத்தோம். அவர்கள் போனார்கள், சுருள் தங்கிவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனாப் பயத்தில் அவுஸ்திரேலியாவில் கடைக்குக் கடை அடிபட்டு இந்தச் சுருளை வாங்கினார்கள். டார்வின் நகரத்துப் பத்திரிகை ஒன்று வாசகர் அவசரத்துக்கென்று எட்டு வெற்றுப் பக்கங்களை அச்சடித்துக் கொடுத்தது. பார்த்துச் சிரித்தோம். இரண்டு வருடத்தில் சிரிப்பு எங்கள் பக்கம் திரும்பியது. 2022 மார்ச்சில், டொலர் இல்லாமல் கடதாசி இறக்க முடியாமல், மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. சில பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. நாங்கள் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வினாத்தாள் எழுதிக் கொடுத்தோம். அந்த மாதமும் எங்கள் வீட்டில் துடைக்கத் தாள் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடைக்குட்டிக்குப் பம்பஸ் வாங்க முடியாமல் பழைய சாரத்தை வெட்டியது அப்போதுதான். உம்மா ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்துவந்து தந்தார்.

ஆக, லண்டன்காரி போன பிறகு சாரத்துண்டு யோசனை எங்களுக்குப் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. இனிச் சுருள் வேண்டாம், கழுவிவிட்டு ஒற்றத் துணி என்று வீட்டில் அறிவித்தோம். மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"நல்லது. துவைக்கிறது யாரு?"

மேலே எழுதிய வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கட்டாடியார் இல்லை, வாளி எடுக்க ஆள் இல்லை, அந்த வேலைகளெல்லாம் ஒழிந்தது நல்லதே. ஆனால் ஒழிந்த வேலை வீட்டுப் பெண்ணின் தலையில் போய் விழுவதென்றால், அது கடதாசியைவிட மோசமான பேரம்.

சுகாதாரம் படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். சீனாவின் துன்குவாங் பக்கத்தில், பட்டுப்பாதையின் பழைய தபால் நிலையம் ஒன்றில், நுனியில் துணி சுற்றிய குச்சிகள் கிடைத்தன. 2,000 வருடம் பழையவை. துடைக்கப் பாவித்தவை. 2016 இல் வெளிவந்த ஆய்வில், அந்தத் துணியில் ஒட்டியிருந்ததற்குள் வட்டப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு முட்டைகளும், ஈரலைத் தாக்கும் ஒருவகைப் புழுவின் முட்டையும் இருந்ததைக் கண்டார்கள். அந்த ஈரல் புழு அந்த வறண்ட பிரதேசத்தில் இருக்கவே முடியாது. 1,500 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒரு பயணி வயிற்றில் வந்திருக்கிறது. துணி அழுக்கை மறக்காது. வெள்ளாவியும் வெயிலும் சும்மா வந்த வழக்கம் இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் முதலில் தண்ணீர். துணி ஈரம் ஒற்ற மட்டும். ஆளுக்கு ஒரு நிறம், ஒருமுறை பாவித்தால் மூடியுள்ள வாளிக்குள். வயிற்றோட்டம் என்றால் துணி இல்லை, கழுவிவிட்டு நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது மட்டும். துண்டுகளைக் கொதிநீரில் போட்டு, சவர்க்காரத்தூளில் துவைத்து, நடு முற்றத்தில் வெயிலில் காயப்போடுகிறோம். ஒளித்துக் காயப்போடுவதில்லை. மற்றத் துணிகளுக்கு அடியில், இருட்டில், அரைகுறையாகக் காயும் மாதத் துணியால் எத்தனை பிள்ளைகள் நோய்ப்படுகிறார்கள் என்பது படிப்பிக்கும் எங்களுக்குத் தெரியும். துவைப்பது சனிக்கிழமை, அது எங்கள் முறை. முதல் சனிக்கிழமை மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு நானா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

இதில் இன்னும் தீராத விஷயம் கிணறு. தீவகற்பத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் தண்ணீர்தான் பெரும்பாலானவர்களுக்கு. கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று கல்வியியற் கல்லூரியில் படித்தோம். சோனகத் தெருவில் பல காணிகளின் அகலமே 50 அடி இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் அடிக்கணக்குப் பார்த்து ஓடுவதும் இல்லை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள், இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறையும். தோட்டப் பசளையும் எங்கள் குழிகளும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளை அந்த அளவுக்கு மேலே கொண்டுபோயிருக்கின்றன. தாளை விட்டதால் குழி மெதுவாக நிரம்பும். அவ்வளவுதான். குழி குழியாகத்தான் இருக்கிறது, கிணறு 22 அடியில் இருக்கிறது. அளந்து பார்த்தோம். குடிக்க இப்போது வெளியே தண்ணீர் எடுக்கிறோம். அடிப்பக்கம் பூசிய தொட்டி கட்டக் காசு சேர்க்கிறோம்.

உம்மா டிஷ்யூவும் பாவிக்கவில்லை, சாரத்துண்டும் பாவிக்கவில்லை. அவருக்குப் பேணிதான். கைக்குழாயையும் நம்புவதில்லை.

ஐந்து சந்திப் பக்கம் பின்சுவரில் அந்தச் சின்ன வாளிக் கதவு இடிபடாமல் இருக்கிற பழைய வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். இடிக்குமுன் ஒரு படம் எடுத்து வைக்கவேண்டும். அந்தக் கதவால் வந்துபோனவர்களின் பெயர் நினைவிருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அதையும் கேட்டு எழுதுங்கள்.