சுட்டி புகுதலும் நீங்கலும்

மூலம்: இனிட் வித் ரெக்ட், ஆப்ஷன்ஸ், ஓனர், யூசர்இன்ஃபோ

இது மேக் கணினியின் ஆப்கிட் நூலகத்துள் என்எஸ் டிராக்கிங் ஏரியா என்னும் கிளாஸுக்குரிய ஆக்கத்தொடர். அக்கிளாஸ் 2007இல் லெப்பர்டு பதிப்போடு வந்தது. மவுஸின் சுட்டி ஒரு வியூவினுள் புகுதலையும் அதனின்று நீங்கலையும் உணர்த்துதல் இதன் பயன்.

'ரெக்ட்' என்பது செவ்வகம். எதனால் அளக்கப்படுவது எனின், அவ்வியூவின் ஆயங்களால், விண்டோவின் ஆயங்களாலன்று. முதற்கண் வைத்தமை, எல்லை வகுத்த பின்னரே புகுதலும் நீங்கலும் உளவாம் என்பது தோன்ற.

'ஆப்ஷன்ஸ்' எனப் பன்மையாற் கூறியது, இரு திறத்தனவும் கூடி வருதல் வேண்டும் என்பது பற்றி. எதனை அறிவிப்பது என்பது ஒரு திறம்: புகுதல்-நீங்கல், நகர்தல், கர்சர் மாற்றம், இவற்றுள் ஒன்றும் வரும், பலவும் வரும். எப்பொழுது அறிவிப்பது என்பது மற்றொன்று: 'ஆக்டிவ்' எனத் தொடங்கும் நான்கு, இவற்றுள் ஒன்றே வரும். 'இன் விசிபிள் ரெக்ட்' உடன்வரின், முன்னர்த் தந்த ரெக்ட் கொள்ளப்படாது. வியூவின் கண்ணுக்குத் தெரியும் பகுதியே எல்லையாம். பின்வந்த சொல் முன்வந்ததை விலக்கியவாறு காண்க.

இனி, 'அஸ்யூம் இன்சைட்' மிக்க நுண்மையுடைத்து. அது வாராதவழி, ஏரியாவைச் சேர்க்குங்கால் சுட்டி உள்ளே நிற்பின் முதற்செய்தி நீங்கல். வெளியே நிற்பின் புகுதல். வந்தவழி, எங்கு நிற்பினும் முதற்செய்தி நீங்கலே. இதனாற் பெறப்படுவது, புதிய ஏரியா பழையதன் நிலையை அறியாது என்பது. ஒரு பட்டியலை ஸ்க்ரோல் செய்க. சுட்டி அசைந்திலது; வரிகளே அசைந்தன. சுட்டி புகுந்தமையால் நீலம் ஏறிய வரி மேலே சென்றும் நீலம் போகாது நிற்கும். என்னை? பழைய ஏரியா நீக்கப்பட்டது. புதியது சுட்டியை வெளியே கண்டு புகுதலுக்குக் காத்திருந்தது. இடையில் நிகழ்ந்த நீங்கல் உரைக்கப்பட்டிலது. ஆகலின், அப்டேட் டிராக்கிங் ஏரியாஸ் என்னும் மெத்தடில் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்தபின், சுட்டி அப்பொழுது நிற்குமிடத்தைத் தானே கேட்டறிந்து நிறத்தைத் திருத்துக. கற்பார் பெரிதும் இடறும் இடம் இதுவாகலின் விரித்துரைக்கப்பட்டது.

'ஓனர்' என்பது செய்தி பெறுவது. 'வியூ' என்னாது இங்ஙனம் கூறினமையின், ஏரியாவைத் தாங்கும் வியூ ஒன்றும் செய்தி பெறும் ஆப்ஜெக்ட் வேறொன்றும் ஆதல் உண்டென்பது பெற்றாம். மவுஸ் என்டர்ட், மவுஸ் எக்ஸிட்டட் என்னும் மெத்தடுகள் ஓனரிடத்தே அமைதல் வேண்டும்.

'யூசர்இன்ஃபோ' என்பது உடன்வைக்கும் குறிப்பு. ஒரே வியூவில் விண்மீன் பொத்தானும் குப்பைத்தொட்டிப் பொத்தானும் வரைந்து இரண்டிற்கும் ஒரே ஓனரை வைத்தவழி, சுட்டி புகுந்தது எதனுள் என்பதை இக்குறிப்பே காட்டும். ஏரியா ஒன்றேயாயின் 'நில்' (ஏதுமின்மை) எனத் தரினும் அமையும்.