மகளோடு சிங்கப்பூர்... ஓசூர் பெற்றோருக்கு ஒரு கைடு!

'ப்ளஸ் டூ முடிச்சதும் சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேன்' என்று மகளுக்கு வாக்கு கொடுத்திருக்கிறீர்களா? காலேஜ், ஹாஸ்டல் என்று அவள் கிளம்பிவிட்டால் இப்படியொரு பயணம் மறுபடி அமைவது கஷ்டம். இப்போதே தயாராகுங்கள்.

பாஸ்போர்ட்: சிறார் பாஸ்போர்ட் 5 ஆண்டுகள் அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். ப்ளஸ் டூ முடியும் நேரத்தில்தான் பலருக்கும் 18 ஆகிறது. சிங்கப்பூருக்குள் நுழைய குறைந்தது 6 மாதம் செல்லுபடி வேண்டும். 15 வயதைத் தாண்டியிருந்தால் 10 ஆண்டு பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம்.

பெயர்: பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாக இருக்கும். டிக்கெட், விசாவிலும் அப்படியே இருக்கணும்.

விசா: இந்தியர்களுக்குக் கட்டாயம். எஸ்.ஜி. அரைவல் கார்டைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாள்களுக்குள் ஆன்லைனில் நிரப்புங்கள். இது இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

ஏர்போர்ட்: ஓசூரிலிருந்து தேவனஹள்ளி சுமார் 75 கி.மீ. அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலைக் கணக்கில் வைத்துக் கிளம்பி, 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

மகள்: பீரியட்ஸ் தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஒரு நாள் முழுக்க எங்கே போவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் நடங்கள். நாளைக்குத் தனியாகப் போகப்போகிறவளுக்கு அதுதான் முதல் பயிற்சி!